ஸ்பெஷல் எஜுகேஷன் டிகிரி: வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

பிளேனோ_புதுசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். இவர் விசாவைச் சார்ந்த எச்4 விசா, வேலை செய்யும் அனுமதியான ஈ.ஏ.டி. வந்துவிட்டது. திருச்சியில் பி.காம். படித்தேன், மூன்று வருடப் படிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் டேலி தட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் அனுபவம்.

போன ஆகஸ்டிலிருந்து ஒரு எலிமெண்டரி பள்ளியில் எய்டாக, அதாவது டீச்சருக்கு உதவியாளராக இருக்கிறேன். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான லைஃப் ஸ்கில்ஸ் வகுப்பு. ஒன்பது பிள்ளைகள், ஒரு டீச்சர், எய்ட் இரண்டு பேர். முதல் வாரம் தினமும் காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இப்போது நீண்ட லீவு வந்தால் எனக்குத்தான் கை ஓடவில்லை. “நீ ஏன் டீச்சருக்குப் படிக்கக் கூடாது?” என்று வகுப்பு டீச்சர் விடாமல் கேட்கிறார். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி, அதாவது டபிள்யூ.ஜி.யு. பற்றி அவர்தான் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் காசு இல்லை என்றார். யூடியூபில் பார்த்தால் ஆளாளுக்கு “ஒரே வருடத்தில் டிகிரி முடித்தேன்” என்கிறார்கள்.

வீட்டில் இவர், “இதெல்லாம் நம்மூர் கரஸ் மாதிரிதானே, யார் மதிப்பார்கள்?” என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு எட்டு, சின்னவளுக்கு நான்கு. என் பி.காம். செல்லுமா? வேலையை விடாமல் படிக்க முடியுமா? நிஜமாகவே ஒரு வருடத்தில் முடியுமா? படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

நான் படித்தேன், அங்கேயேதான். 2021 ஜனவரியில் சேர்ந்து 2023 ஜூனில் முடித்தேன். ஐந்து டெர்ம், இரண்டரை வருடம். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். உங்களைப் போலவே எய்டாக உள்ளே நுழைந்து, இப்போது டல்லாஸ் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் ரிசோர்ஸ் டீச்சர் (கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு).

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கரஸ் சந்தேகம். 1997இல் மேற்கு மாநிலங்களின் 19 கவர்னர்கள் சேர்ந்து ஆரம்பித்த பல்கலைக்கழகம் அது. லாப நோக்கம் இல்லாதது. தலைமையகம் யூட்டாவில், சால்ட் லேக் சிட்டி பக்கம். 2011இல் டெக்சாஸுக்கென்று ஒரு கிளையும் வந்தது. வழக்கமான பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் தரும் ஆணையம்தான் இதற்கும் தந்திருக்கிறது. ஆக, டிகிரி டிகிரிதான்.

திறன் அடிப்படை என்றால் என்ன என்று என் அப்பாவுக்கு விளக்க நான் சொன்னது இது: ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போடுவது மாதிரி. எத்தனை மாதம் வண்டி பழகினாய், யாரிடம் பழகினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கால் ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ், ஊன்றினால் மறுபடி வா. இங்கேயும் வகுப்பு நேரம், வருகைப் பதிவு எதுவும் கிடையாது. தெரிந்த பாடம் என்றால் ஒரு வாரத்தில் பரீட்சை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தெரியாததில் மூன்று மாதம் உட்காரலாம். கணக்குப் பாடங்களை நான் பத்து நாளில் முடித்தேன். அமெரிக்க அரசியலமைப்புப் பாடத்தில் இரண்டு மாதம் ஓடியது. ஆனால் தேர்ச்சி என்றால் பி கிரேடுக்குச் சமம். முப்பத்தைந்து வாங்கித் தப்பிக்கிற சமாச்சாரம் இல்லை.

ஒரு டெர்முக்குக் குறைந்தது 12 யூனிட் முடிக்க வேண்டும், பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று யூனிட். நான் சேர்ந்தபோது டெர்ம் கட்டணம் 3,500 டாலரைச் சுற்றி இருந்தது, இப்போது ஏறியிருக்கிறது. மாநிலத் தேர்வுகள், கைரேகை, பின்புலச் சரிபார்ப்பு எல்லாம் தனிச் செலவு. மென்டர் என்று ஒருவரைத் தருவார்கள், முதலில் வாரத்துக்கு ஒரு போன். பாடம் தெரியாமல் முழித்தால் அதற்கு வேறு ஆசிரியர். பேப்பர் திருத்துகிறவர் இன்னொருவர், அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. இந்த மூன்றாவது ஏற்பாடுதான் முக்கியம். சிரித்துப் பேசி, சின்னப் பிள்ளை இருக்கிறது என்று கெஞ்சி மார்க் வாங்க வழியே இல்லை.

பரீட்சை வீட்டில், கேமரா முன்னால். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், மேசை காலியாக இருக்க வேண்டும், வேறு யார் குரலும் கேட்கக் கூடாது. என் முதல் பரீட்சையில் நாற்பதாவது கேள்வி வாக்கில் பாத்ரூமிலிருந்து “அம்மா, முடிச்சுட்டேன்!” என்று என் பையன் கத்தினான். திரையில் எச்சரிக்கை வந்தது. நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவனும்தான் உட்கார்ந்திருந்தான், இருபது நிமிடம். அதன் பிறகு எல்லாப் பரீட்சையும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான்.

பரீட்சையை விடப் பேப்பர்களில்தான் நான் அடி வாங்கினேன். ஐ.இ.பி., அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் போடும் கல்வித் திட்டம், அதற்கு இலக்கு எழுதும் பாடம். கற்பனையாக ஒரு மாணவனைக் கொடுத்து, அவனுக்கு ஒரு வருட இலக்கு எழுதச் சொன்னார்கள். “மாணவன் வாசிப்பில் நல்ல முன்னேற்றம் காண்பான்” என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. “தினமும் பயிற்சி அளித்து அவன் வாசிப்பை மேம்படுத்துவோம்” என்று மாற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. கோபம் வந்தது. இங்கிலீஷைப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்றுகூடப் புலம்பினேன். மூன்றாவது தடவை பாட ஆசிரியரைக் கூப்பிட்டபோது அந்த அம்மா ஒரே கேள்வி கேட்டார்: “மே மாதம் இவன் இதை எட்டிவிட்டானா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வாய்?” என்னிடம் பதில் இல்லை. நான் எழுதியது ஆசை. “இரண்டாம் வகுப்புத் தரத்தில், முன்பு பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்தால், ஒரு நிமிடத்தில் 60 சொற்களைப் பிழையில்லாமல் வாசிப்பான், ஐந்து முறைக்கு நான்கு முறை.” இதுதான் இலக்கு. எதைக் கொடுக்கிறோம், அவன் என்ன செய்கிறான், எவ்வளவு செய்தால் போதும், மூன்றும் அதில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. எய்டாக இருந்த ஒன்றரை வருடமும் கிளிப்போர்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். தானாகச் செய்தால் ஒரு கோடு, சொல்லிச் செய்தால் வேறு குறி, கை பிடித்துச் செய்ய வைத்தால் இன்னொரு குறி. டீச்சர் கேட்டார், போட்டேன். எதற்கென்று கேட்கவில்லை. அந்தக் கோடுகளெல்லாம் இந்த இலக்குக்கான கணக்கு. நீங்களும் இப்போது போட்டுக்கொண்டிருப்பீர்கள். நாளைக்கே வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள், எந்தக் கோடு எந்த இலக்குக்கு என்று. பிள்ளையின் ஐ.இ.பி.யில் உங்கள் வேலைக்குத் தேவையான பகுதியைக் காட்டுவார்.

சட்டமும் நிறைய வரும், பயப்படாதீர்கள். 1975இல் வந்து 1990இல் ‘ஐடியா’ என்று பெயர் மாறிய, மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான சட்டம், 13 வகைக் குறைபாடுகள், மூன்று வயதிலிருந்து 21 வரை. ஐ.இ.பி. பேப்பர் எனக்கு ஏன் திரும்பி வந்தது என்பது 2017இல் வந்த என்ட்ரூ எஃப். தீர்ப்பைப் படித்த பிறகு இன்னும் நன்றாகப் புரிந்தது. பள்ளி பெயருக்கு ஏதோ துளி முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமையை வைத்துப் பார்த்து நியாயமான முன்னேற்றத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அளக்க முடியாத இலக்கை வைத்துக்கொண்டு முன்னேற்றத்தை எங்கே காட்டுவது?

இனி வேகம். புத்தகப் பாடங்களை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் தள்ளலாம். பள்ளிக்குள் நிற்க வேண்டிய நேரத்தைத் தள்ள முடியாது. முதலில் வகுப்பறை வீடியோ பார்ப்பதும் நேரில் போவதுமாக 75 மணி நேரம். கடைசியில் முழுநேரமாகப் பாடம் நடத்தும் பயிற்சி, 12 வாரத்திலிருந்து 20 வாரம் வரை. சம்பளம் கிடையாது. எனக்கு 14 வாரம். எய்ட் வேலையை விட்டேன். அந்த மூன்றரை மாதம் என் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான். யூடியூபில் ஒரு வருடக் கதை சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். உரிமம் தராத டிகிரியாக இருந்தால் இது கிடையாது, அது வேறு படிப்பு. சேரும்போதே அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் உரிமத்துக்கு இந்தப் படிப்பு செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

அந்த 14 வாரத்தை வேண்டாத செலவு என்று நினைத்தேன். எய்டாகவே எல்லாம் பார்த்தாயிற்றே என்ற எண்ணம். போன முதல் வாரம் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டத் தடுமாறினான். நான் குனிந்து கட்டிவிட்டேன். நம்ம கை சும்மா இருக்குமா? என் வழிகாட்டி டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது, “அவனுக்கு லேஸ் கட்டத் தெரியும். நீ வருவாய் என்பதும் தெரியும்” என்றார். இனிமேல் மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு வாயால் சொல், அதற்குப் பிறகு சைகை, கையைக் கடைசியில் நீட்டு என்றார். பத்து வரை எண்ணுவது எவ்வளவு நீளம் என்று முயன்று பாருங்கள். அந்தப் பையன் கட்டி முடிக்கிற வரை என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். தூண்டுதலுக்குப் பழகிவிடும் பிள்ளைகள் பற்றி அதற்கு முன்பே பரீட்சையில் எழுதித் தேறியும் இருந்தேன், அதுதான் வேடிக்கை.

பி.காம். கேள்விக்கு: வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் நேசஸ் கூட்டமைப்பில் உள்ள ஏதாவது ஒன்றில் பாடவாரியாக மதிப்பீடு வாங்குங்கள். மூன்று வருட டிகிரியை ஒரு நிறுவனம் இளங்கலைக்குச் சமம் என்று சொல்லலாம், இன்னொன்று மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் சொல்லலாம். முதல் வகை வந்தால் உங்களுக்கு வேறு வழிகளும் திறக்கும். இரண்டாவது வகை வந்தால் டபிள்யூ.ஜி.யு.வில் இளங்கலை, பழைய பாடங்களில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். எனக்கு எட்டுப் பாடம் கழிந்தது.

ஹூஸ்டன்_வெயில் எழுதியது:

கரும்பலகை மேடம் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். மதிப்பீட்டில் இளங்கலைக்குச் சமம் என்று வந்துவிட்டால் இன்னொரு இளங்கலைக்கு இரண்டரை வருடம் எதற்கு? டெக்சாஸில் மாற்றுச் சான்றிதழ் வழி இருக்கிறது. நான் அப்படித்தான் வந்தேன். பாடத் தேர்வு எழுதி, பயிற்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, இன்டர்ன் சான்றிதழ் (பயிற்சிக் கால உரிமம்) வாங்கி முதல் வருடமே முழுச் சம்பளத்தில் டீச்சர். ஐ.டி.யை விட்டு வந்தபோது எனக்கு 44 வயது, 14 வாரம் சும்மா நிற்கும் நிலைமையில் நான் இல்லை.

மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த முதல் வருடம் நரகம். 21 பிள்ளைகளின் ஃபைல் என் பெயரில். டெக்சாஸில் ஐ.இ.பி. மீட்டிங்கை ‘ஆர்டு’ என்பார்கள். என் முதல் ஆர்டில் ஒரு அம்மா, “என் பையன் போன வருடம் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான், நம்பரில் சொல்லுங்கள்” என்றார். நான் “நல்லா பண்றான்” என்ற பொருளில் ஏதோ உளறினேன். மேடம் சொன்ன அந்த 60 சொல் இலக்கு அன்றைக்கு என் கையில் இல்லை. பக்கத்தில் இருந்த, பிள்ளைகளைச் சோதித்து மதிப்பிடும் டயக்னாஸ்டிஷியன் காப்பாற்றினார்.

வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். 2004இலிருந்து டெக்சாஸ் கல்வித் துறை, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் ஸ்பெஷல் எஜுகேஷனில் இருந்தால் பள்ளி மாவட்டத்துக்குக் குறை என்று கணக்கு வைத்திருந்தது. 2016இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறையும் இது சட்டமீறல் என்றது. வெளியே நிறுத்தி வைத்திருந்த பிள்ளைகளெல்லாம் அதற்குப் பிறகு உள்ளே வரத் தொடங்கினார்கள். டீச்சர் அந்த வேகத்தில் வரவில்லை. என் பிரின்சிபால் இன்டர்வியூவில் கேட்டது, சான்றிதழ் எந்தப் பிரிவில், எப்போது சேர முடியும், இந்த இரண்டுதான். எங்கே படித்தாய் என்ற பேச்சே எழவில்லை.

இன்னொரு விஷயம், பணம். டீச் கிராண்ட் (டீச்சருக்குப் படிப்பவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை), ஃபாஃப்சா (அரசின் படிப்புதவிக்கான விண்ணப்பம்) என்று யாராவது சொன்னால் எச்4இல் அதெல்லாம் கிடையாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான். வந்தாலும் டீச் கிராண்டை யோசித்து எடுங்கள். வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் வேலை பார்க்காவிட்டால் மொத்தமும் வட்டியோடு கடனாக மாறிவிடும்.

கரும்பலகை எழுதியது:

சார் சொல்வது சரிதான், பணத்தை மட்டும் பார்த்தால். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், 21 பிள்ளைகளின் செலவில்தான் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள் என்று. (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சிலரின் செலவில்தான்.) ஈ.ஏ.டி. புதுப்பிப்பு தாமதமானால் வேலை அப்படியே நின்றுவிடும், படிப்பு நிற்காது என்பதையும் பிளேனோ தோழி கணக்கில் வைக்க வேண்டும். இன்டர்ன் வருடத்தின் நடுவில் அப்படி நடந்தால் வகுப்பும் நடுவில் நிற்கும்.

வைகைக்கரை எழுதியது:

மன்னிக்கவும், குறுக்கே ஒரு கேள்வி. மதுரையில் இருக்கிறேன். என் மகளுக்கு ஆட்டிசம், அவளுக்காகவே படிக்க ஆசை. இங்கிருந்தே இதில் சேர முடியுமா அக்கா?

கரும்பலகை எழுதியது:

வேண்டாம்மா. இது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது, பயிற்சிக்கும் இங்கேயுள்ள பள்ளியில்தான் நிற்க வேண்டும். நம் நாட்டில் 1992ஆம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவர்தான் சிறப்பாசிரியராக வேலை செய்யலாம். சி.ஆர்.ஆர். நம்பர் என்பார்கள். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் முதலில் அவர்கள் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இந்த வருடம் இருக்கிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது, நிப்மெட் என்று சொல்வார்கள். அங்கே பெற்றோருக்கான பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். மகளுக்காக மட்டும் என்றால் முழு டிகிரிக்கு முன்னால் அதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

பிளேனோ_புதுசு எழுதியது:

மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இவரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். எட்டு போடுவதைப் படித்துவிட்டுச் சிரித்தார், அவர் மூன்றாவது தடவையில்தான் பாஸ் ஆனாராம். கரஸ் பேச்சு நின்றுவிட்டது, இப்போது 14 வாரம் சம்பளம் இல்லாததைப் பற்றித்தான் பேச்சு.

கோடு விஷயத்தை டீச்சரிடம் கேட்டேன் அக்கா. நான் ஆறு மாதமாக ஒரு பிள்ளைக்குத் தப்பாகக் குறித்திருக்கிறேன். சைகை காட்டிய பிறகு செய்ததையும் தானாகச் செய்தது என்றே போட்டிருக்கிறேன். டீச்சர் திட்டவில்லை, ஆனால் அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கு ஆர்டு. ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் மதிப்பீடு வாங்குகிறேன், இளங்கலை என்று வந்தால் ஹூஸ்டன் சார் வழியையும் பார்ப்பேன். ஆனால் மனசு அக்கா வழியில்தான் இருக்கிறது. மார்க் ஷீட்டெல்லாம் திருச்சியில் அம்மா வீட்டு பீரோவில். ஸ்கேன் பண்ணி அனுப்பினால் போதுமா?

கரும்பலகை எழுதியது:

போதாது. அனேகமாகப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி நேரடியாக அனுப்பக் கேட்பார்கள். எந்த நிறுவனம் என்று முடிவானதும் அவர்கள் தளத்தில் இந்தியாவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு அப்பாவை அனுப்புங்கள். கூடவே உங்கள் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம், அப்பாவின் ஆதார் நகல். செமஸ்டர் வாரியான மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் இரண்டுக்கும் கேட்கச் சொல்லுங்கள். எனக்குப் பட்டச் சான்றிதழ் விட்டுப்போய் அப்பா இரண்டு தடவை அலைந்தார். ஏப்ரல், மே வேண்டாம், பரீட்சை நேரத்தில் அந்த கவுன்டரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தாள்களைப் பற்றி: ஆர்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. நாளையிலிருந்து சரியாகக் குறித்தால் நான்கு வாரக் கணக்கு கையில் இருக்கும். பழையதை ஏன் எடுத்து வைத்தார் என்பதை டீச்சரே மீட்டிங்கில் சொல்லிக்கொள்வார்.